'இன் ஷார்ட் சப்ளை'ன்னா என்ன? தட்டுப்பாடு வேற, தீர்ந்து போச்சு வேற!

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் சொற்றொடர் 'இன் ஷார்ட் சப்ளை'. 2020-ல் கொரோனா பரவத் தொடங்கியபோது மாஸ்க், 2021-ல் இரண்டாம் அலையின்போது மருத்துவ ஆக்சிஜன், அதே ஆண்டில் கார் நிறுவனங்களுக்கு சிப் என எல்லாவற்றுக்கும் இதைத்தான் எழுதினார்கள். சரி, இதுக்கு என்ன அர்த்தம்?

தேவைக்குக் கம்மி

இங்கே 'ஷார்ட்' என்றால் குட்டையோ குறுகலோ இல்லை, குறைவு. அதனால் 'குறுகிய விநியோகம்' என்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ஒன்றும் புரியாது. தமிழில் 'தட்டுப்பாடு' அல்லது 'பற்றாக்குறை' என்பதே சரி.

உதாரணமாக, ஓர் ஊரில் 100 பேருக்கு ஒரு மருந்து தேவை. கடைகளில் 60 பேருக்குத்தான் இருக்கிறது. அப்போ அந்த மருந்து 'இன் ஷார்ட் சப்ளை'. 100 பேருக்கான மருந்து இருந்து, திடீரென 300 பேர் கேட்டாலும் அதேதான். சரக்கு குறையணும்னு அவசியமில்லை, கிராக்கி கூடினாலே போதும். 2020-ல் மாஸ்க்குக்கு நடந்தது இதுதான்.

இல்லவே இல்லையா?

பலரும் குழம்புவது இங்கேதான். முழுசா தீர்ந்து போனால் ஆங்கிலத்தில் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்பார்கள். 'ஷார்ட் சப்ளை' என்றால் பொருள் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் போதாது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கார் உற்பத்தி குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. புக் செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். 'தட்டுப்பாடு' என்பதை 'இனி கிடைக்காது' என்று எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு மூட்டை கட்டினால், இருக்கிற கொஞ்சமும் காலி. 2020 மார்ச்சில் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் டாய்லெட் பேப்பர் அலமாரிகள் காலியானது இப்படித்தான். அப்போதும் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

எப்படிப் பயன்படுத்துவது?

* "நர்சஸ் ஆர் இன் ஷார்ட் சப்ளை" – போதுமான நர்ஸ்கள் இல்லை.
* "பேஷன்ஸ் இஸ் இன் ஷார்ட் சப்ளை டுடே" – இன்னைக்கு எல்லோருக்கும் பொறுமை கம்மி. கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கும் இது பொருந்தும்.

கவனிங்க, எது குறைவோ அதுதான் வாக்கியத்தில் முதலில் வரும். "என்கிட்ட பணம் கம்மி" என்று சொல்ல "ஐ ஆம் இன் ஷார்ட் சப்ளை" என்றால் தப்பு. "ஐ ஆம் ஷார்ட் ஆஃப் மணி" என்பதே சரி.

தமிழில் எதைச் சொல்லலாம்?

கிடைக்கவே கிடைக்காத பொருளை 'குதிரைக் கொம்பு' என்போம். அது ரொம்ப அதிகம். பெரிய தேவைக்குத் துளியூண்டு கிடைத்தால் 'யானைப் பசிக்குச் சோளப்பொரி'. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் இருந்து பலருக்குப் போதாத நிலைக்குத் 'தட்டுப்பாடு'தான் பொருத்தம்.

அடுத்த முறை இந்த வார்த்தையைச் செய்தியில் பார்த்தால், கடைக்கு ஓடும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க: குறைவா இருக்கா, இல்லவே இல்லையா?