கன்னித்தீவும் காவிரிக்கரையும்: முடியாக் கதை பற்றி ஓர் இறையியல் சிந்தனை

தமிழ்நாட்டில் ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுமானால், ஒரு பாலம் பாதியில் நின்றுவிடுமானால், பங்காளிகளின் பூசல் தலைமுறை கடந்தும் தீராதிருக்குமானால், மக்கள் அதற்கு இடும் பெயர் ஒன்றுண்டு. ‘அது கன்னித்தீவுக் கதை’ என்பர். தினத்தந்தி நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கி, இன்றும் முடிவுறாத ஒரு சித்திரத் தொடரின் பெயரே அது. அத்தொடரை ஒரு நாளும் படித்திராதவர்களும் இச்சொல்லை இயல்பாக வழங்குகின்றனர். ஒரு படக்கதை பழமொழியாகிவிட்டது.

நாளிதழின் ஒரு மூலையில் வரும் படக்கதையை இறையியல் ஏட்டில் ஆராய வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்காவில் சார்லஸ் ஷூல்ஸ் 1950 முதல் 2000 வரை வரைந்த ‘பீனட்ஸ்’ என்னும் தொடரைக் கொண்டு, கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்கும் நூலொன்றை ராபர்ட் ஷார்ட் என்பார் 1965இல் வெளியிட்டார். அது பெருந்தொகையாக விற்பனையாயிற்று. நமக்கு அத்துணைத் தொலைவு செல்லவும் தேவையில்லை. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பெற்ற குறவஞ்சி என்னும் கூத்து வடிவை எடுத்து, ‘பெத்லகேம் குறவஞ்சி’ படைத்தார். மக்கள் விரும்பும் கலைவடிவில் இறையியலுக்கு இடமுண்டு என்பதைத் தஞ்சைத் திருச்சபை அன்றே அறிந்திருந்தது. ஆகவே கன்னித்தீவு நமக்கு விட்டுச்சென்றுள்ள மரபு யாது, அது காவிரிப் பாசன நாட்டில் எவ்வாறு பயில்கிறது, அதற்குத் திருமறை தரும் மறுமொழி யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. தொடரின் தன்மை

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் நிறுவிய நாளிதழ் தினத்தந்தி. இலண்டனில் சட்டம் பயின்று திரும்பிய அவர், குறைந்த கல்வியுடையோரும் படிக்கத்தக்க எளிய நடையில் நாளிதழ் ஒன்று தேவை எனக் கண்டார். அந்நோக்கத்திற்கு இசைந்த கருவியாகவே படக்கதை அமைந்தது. ஓவியர் கணுவின் தூரிகையில் தொடங்கிய கன்னித்தீவு, பிற ஓவியர் கைகளுக்கு மாறி, நாளுக்கு ஒரு பகுதியாக இருபதாயிரம் பகுதிகளைக் கடந்து நடைபெறுகிறது.

கதையின் கரு எளியது. மந்திரவாதி மூசாவின் மாயத்தால் லைலா என்னும் பெண் சிற்றுருவாக்கப்படுகிறாள். அவளைப் பழைய உருவிற்கு மீட்கச் சிந்துபாத் பயணம் மேற்கொள்கிறான். கடலும் காடும், பூதமும் அரக்கரும் குறுக்கிடுகின்றன. ஓர் இடர் நீங்குமுன் மற்றோர் இடர் தோன்றுகிறது. சில கட்டங்களே கொண்ட அன்றைய பகுதி, ‘தொடரும்’ என்னும் உணர்வோடு நிற்கிறது.

சிந்துபாத் அரபுக் கதைகளில் வரும் மாலுமி. ஆயிரத்தோர் இரவுகள் தொகுப்பில் அவன் ஏழு கடற்பயணங்களை முடித்துக்கொண்டு பாக்தாத் நகரில் அமைதியாக வாழ்கிறான். தமிழ்நாட்டுச் சிந்துபாத் மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை. மரைக்காயர் கப்பலோட்டிய நாகூர், நாகப்பட்டினம் துறைகளையுடைய இந்நாட்டில், முஸ்லிம் பெயர் தாங்கிய வீரன் ஒருவனை எல்லாச் சமயத்தாரும் வேற்றுமை பாராது தம்மவனாக ஏற்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

2. தேநீர்க்கடை என்னும் பள்ளி

காவிரிப் பாசனச் சிற்றூர்களில் நாளிதழ் பெரும்பாலும் தனியொருவர் உடைமையாக இருந்ததில்லை. தேநீர்க்கடைக்கு வரும் ஒரே இதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பலர் படிப்பர். படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் உரக்கப் படித்துக்காட்டுவர். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்க்கும் படங்கள் பொருளை முன்னரே உணர்த்திவிட்டமையால், படக்கதை வாசிப்பிற்கு ஏற்ற படிக்கட்டாயிற்று. முந்தைய நாளின் கதை தெரியாதவரும் இன்றைய பகுதியைப் புரிந்துகொள்ளலாம். எவரும் எந்நாளும் உள்ளே நுழையத்தக்க கதவு அது.

அச்செழுத்தும் இப்பகுதிக்குப் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, அங்கு அச்சகம் நிறுவித் தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் வெளியிட்டார். எழுத்து ஒரு சிலரின் உரிமையாக இருந்த நாட்டில் அதனை எளியோர் கைக்குக் கொண்டுவருதல் அப்பணியின் நோக்கங்களுள் ஒன்று. அதே பணியை, வேறு நோக்கோடும் வேறு வழியிலும், 20ஆம் நூற்றாண்டின் எளிய நாளிதழும் அதன் படக்கதையும் செய்தன எனலாம்.

இதனைப் பாராட்டும்போதே ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். இக்கதையில் பெண் சிற்றுருவாக்கப்பட்டு, ஆண்மகனால் சுமக்கப்படுகிறாள். தன் மீட்பில் அவளுக்குரிய பங்கு சிறிது. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து இந்நாட்டின் நெற்களஞ்சியத்தை நிரப்பும் பெண்கள் அத்தகையோர் அல்லர்.

3. முடியும் கதையும் முடியாக் கதையும்

நீண்ட கதைகளைப் பல நாள் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று. ஊர்ப் பொதுவிடத்தில் பாரதம் பல நாள் படிக்கப்பெறும். மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கமும் உண்டு. இராமாயணம் பட்டாபிஷேகத்தில் நிறைவுறும், அந்நாளைத் தவறவிடுவாரில்லை. பழைய மரபில் கதை எத்துணை நீண்டாலும் அதற்கு முடிவுண்டு. அம்முடிவே கேட்டோர்க்கு மங்கலம்.

கன்னித்தீவு இம்மரபிலிருந்து வேறுபடுகிறது. இதில் பட்டாபிஷேகம் இல்லை. தாத்தா படித்த தொடரைப் பேரன் படிக்கிறான். இருவரும் முடிவு கண்டிலர். எனினும் மக்கள் சினம் கொள்ளவில்லை, நகைத்தனர். அந்நகைப்பிலிருந்தே பழமொழி பிறந்தது. தம் வாழ்வில் முடிவு காணாத பலவற்றிற்குப் பெயரின்றித் தவித்தவர்க்கு இத்தொடர் ஒரு பெயரை வழங்கிற்று. கன்னித்தீவின் நிலைத்த மரபு அதன் நிகழ்ச்சிகளில் இல்லை. அவற்றை நினைவில் வைத்திருப்போர் சிலரே. காத்திருத்தலைக் குறிக்க அது தந்த சொல்லே அதன் மரபு.

4. காவிரிக்கரையில் அச்சொல்

இச்சொல் மிகுதியும் பொருந்துவதாகக் கருதப்படும் செய்தி காவிரி நீர்ச் சிக்கலே. மைசூருக்கும் சென்னை மாகாணத்திற்கும் இடையே 1924இல் ஏற்பட்ட உடன்பாட்டின் சில விதிகள் 50 ஆண்டு கழித்து மறு ஆய்வுக்கு உரியனவாக இருந்தன. 1974இல் அக்காலம் வந்தது. பேச்சுகள் பல நடந்தும் பயன் விளையவில்லை. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் இடைக்காலத் தீர்ப்பும், 2007இல் இறுதித் தீர்ப்பும் வந்தன. இறுதித் தீர்ப்பு அரசிதழில் வெளியாக 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே மேலாண்மை ஆணையமும் அமைந்தது. ஆயினும் மழை குன்றிய 2023இல் சிக்கல் மீண்டும் தலைதூக்கிற்று.

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுமாயின் குறுவை உண்டு. காலம் தாழ்ந்தால் குறுவை இல்லை. கடைமடை உழவர்க்குத் திறந்த நீரும் வந்து சேருவது அரிது. நிலமற்ற கூலியாளர்க்கோ இழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லாமற் போவதுண்டு. நடவில்லையேல் கூலியில்லை, அவ்வளவே. இத்தகையவர் ‘காவிரி ஒரு கன்னித்தீவு’ என்னும்போது அது பெருமூச்சு. அதே சொல்லை, தீர்வு காணும் பொறுப்பிலுள்ளவர் கூறினால் அது கைகழுவுதல். சொல் ஒன்றே, சொல்லும் வாய் வேறு. இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால் துன்புறுவோரின் புலம்பலும் துன்பத்திற்குப் பொறுப்பானவரின் அலட்சியமும் ஒன்றாகிவிடும்.

அச்சொல்லுக்கு உடன்படாதோரும் இம்மண்ணில் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. 1983இல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. அவ்வழக்கின் விளைவாகவே 1990 மே மாதத்தில் நடுவர் மன்றம் அமைக்குமாறு நீதிமன்றம் மைய அரசைப் பணித்தது. அரசுகள் பேசிக் களைத்த இடத்தில், உழவர்கள் கதவைத் தட்டினர்.

மற்றொரு புறத்தையும் காண்போம். 1968 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பின் இரவில், கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டு மாண்டனர். அவர்களுட் பலர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தலித் உழைப்பாளர் குடும்பங்கள் அவை. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. காவிரியின் கதை முடிக்கப்படாமல் இழுக்கப்பட்டது. வெண்மணியின் கதையோ நீதி பிறக்குமுன் ‘முற்றும்’ என மூடப்பட்டது. ஏழையர் இவ்விரு வகையிலும் ஒடுக்கப்படுகின்றனர்.

5. திருமறை காட்டும் வேறுபாடு

திருமறை முடிவின்மையை ஒரே வகையாகக் காண்பதில்லை.

முதலாவது, அநீதியால் விளையும் முடிவின்மை. லூக்கா 18ஆம் அதிகாரத்தின் உவமையில் நடுவர் ஒருவர் விதவையின் வழக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் ‘இல்லை’ எனத் தீர்ப்பளிக்கவில்லை, தீர்ப்பளிக்கவேயில்லை. அதுவே அவரது அநீதி. விதவையோ தன் வழக்கைக் கன்னித்தீவு என எண்ணி வீடு திரும்பவில்லை. மீண்டும் மீண்டும் வருகிறாள். இவ்வுவமையை ஆண்டவர் இறைவேண்டலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார் என்பது கருதத்தக்கது. வேண்டுதல் என்பது கைகட்டிக் காத்திருத்தல் அன்று, கதவைத் தட்டுதல். 13ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்னும் வினாவை நான்கு முறை எழுப்புகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின்கீழ் உள்ள கொல்லப்பட்டோரின் வினாவும் அதுவே. முடிவு உண்டு என நம்புகிறவரே அதன் காலத்தைக் கேட்பர். நம்பிக்கையற்றவர்க்கு அவ்வினா எழுவதில்லை.

இரண்டாவது, அருட்பணியால் விளையும் முடிவின்மை. அப்போஸ்தலர் நடபடிகள் நூல், பவுல் வாடகை வீட்டில் தங்கி வருவோர்க்கெல்லாம் இறையாட்சியைப் போதித்தமையோடு நிற்கிறது. அவரது வழக்கின் முடிவு கூறப்படவில்லை. மாற்கு நற்செய்தியின் பழைய படிகள் சில, கல்லறையிலிருந்து பெண்கள் அஞ்சி ஓடுவதோடு நின்றுவிடுகின்றன. இந்நூல்கள் முடியாதிருப்பது ஆசிரியரின் குறையன்று. எஞ்சிய பகுதியை வாழ்ந்து நிறைவுசெய்யுமாறு வாசகர்க்கு விடுக்கும் அழைப்பு. இங்கு ‘தொடரும்’ என்பது தள்ளிப்போடுதல் அன்று, பொறுப்பை ஒப்படைத்தல்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு அளவுகோல் ஒன்றே. இம்முடிவின்மையால் யார் பயனடைகின்றனர்? யார் பசியோடு காத்திருக்கின்றனர்? காத்திருப்போர் எப்போதும் ஏழையராகவும், காலம் தாழ்த்துவோர் எப்போதும் வசதியுடையோராகவும் இருப்பின், அது அநீதியுள்ள நடுவரின் கதையே.

6. திருச்சபையின் பொறுப்பு

முதற்கண், நம் மறையுரைகளை நாமே சோதித்தல் வேண்டும். ‘எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என முடிக்கும் அருளுரை, கடைமடை உழவனின் வினாவை இறைவன் பெயரால் அடைத்துவிடுகிறது. மறுமையைக் காட்டி இம்மையை ஒத்திவைத்தல் திருமறையின் நம்பிக்கை அன்று. முடிவை உறுதியாக அறிந்தவர், அதற்கு ஒவ்வாத இன்றைய நிலையைப் பொறுத்துக்கொள்ளார்.

இரண்டாவதாக, நம் சொந்த வீட்டையும் நோக்குவோம். திருச்சபைச் சொத்து வழக்குகளும் தேர்தல் வழக்குகளும் ஆண்டுகள் பல கடந்து நீதிமன்றங்களில் தேங்கிக்கிடப்பதை அறியாதார் இலர். மக்கள் அவற்றையும் கன்னித்தீவு என்றே அழைக்கின்றனர். நாட்டிற்கு நீதி உரைக்கும் அவை, முதலில் இப்பெயரைத் தன்னிடமிருந்து நீக்கிக்கொள்ளுதல் தகும்.

மூன்றாவதாக, சபைகளின் வேத ஆராய்ச்சிக் குழுக்கள் இச்சொல்லைக் கொண்டே தொடங்கலாம். நம் ஊரில் கன்னித்தீவாகிவிட்டவை எவை? வீட்டுமனைப் பட்டாவா, தூர்வாரப்படாத வாய்க்காலா, சுடுகாட்டுப் பாதையா? இவற்றைப் பட்டியலிட்டு, லூக்கா 18ஐப் படித்து, அடுத்து யாருடைய கதவை யார் தட்டுவது எனத் தீர்மானித்தால், அது பயனுள்ள ஆராய்ச்சியாகும்.

சிந்துபாத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. இத்துணை ஆண்டுகளில் அவன் லைலாவைக் கைவிட்டவனல்லன். இடர் எத்தனை வந்தும் பயணத்தை நிறுத்தியவனல்லன். முடிவு காணாத நிலையிலும் சிறுமைப்படுத்தப்பட்டவரை விட்டு விலகாத அவ்வுறுதியை நாம் அவனிடம் கற்கலாம். ஆனால் சிறுமைப்படுத்தப்பட்டோர் நிமிர்ந்து நிற்கும் நாள் உண்டு என்னும் செய்தியை அவனால் கூற இயலாது. அச்செய்தி திருச்சபைக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. அதனைக் காவிரியின் கடைமடையில் நின்று, அங்குள்ளோர் நம்பத்தக்க வகையில் கூறுவதே நம்முன் உள்ள பணியாகும்.