மொட்டைமாடிக் காடு – 9: கடிபட்ட இலை

நர்சரியில் போய், பட்டாம்பூச்சி வருகிற மாதிரி செடி வேண்டும் என்று கேட்டால் இட்லிப்பூவையும் உண்ணிச்செடியையும் எடுத்து வைப்பார்கள். தப்பில்லை. பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். அது நம் மாடியிலேயே பெருக வேண்டுமானால் புழு தின்ன இலை வேண்டும்.

அந்த இலை பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: கறிவேப்பிலை. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் என ஒரே குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுபவை. தாய் இலைமேல் இறங்கி முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும்; ருசி அறிவது காலால்தான். செடி சரியென்று பட்டால் தளிரில் ஒற்றை முட்டை. பொரித்து வரும் புழு பறவை எச்சமாக வேஷம் கட்டிக்கொண்டு இலைமேல் கிடக்கும். கடைசியாகத் தோலுரித்த பிறகே பச்சை நிறம். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் விடும்.

வேஷம் இந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்தான். கறிவேப்பிலை அழகியில் பல பெண்கள், ரோஜா அழகி என்ற வேறோர் இனத்தின் தோற்றத்தில் திரிகின்றன. ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று உடம்பில் நஞ்சேற்றிக்கொள்வது. பறவைகள் அதைச் சீண்டாது. நஞ்சே இல்லாத இவளுக்கும் அந்த மரியாதை கிடைத்துவிடுகிறது.

நாமோ புழுவைக் கண்டதும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கிறோம், இயற்கை மருந்துதானே என்ற நிம்மதியோடு. புழுவுக்கு அந்தப் பேதமெல்லாம் இல்லை. என் கட்சி இதுதான்: இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. ரசத்துத் தொட்டியில் புழு தென்பட்டால் இலையோடு கிள்ளி அடுத்ததில் விடலாம். வேர்பிடித்து வளர்ந்த செடி மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும்.

எல்லாப் புழுவும் சிறகு முளைத்துப் பறக்காது. தையல்சிட்டு சிலவற்றைக் கொத்திப் போகும். போகட்டும். தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குத் தேனை மட்டும் ஊட்டி வளர்ப்பதில்லை. பூச்சியும் சிலந்தியும் வேண்டும். அதன் தொங்கும் கூட்டை இறுக்கிக் கட்டுவதே சிலந்தி நூலால்தான். பால்கனி மூலையில் இருக்கும் ஒட்டடையை விட்டுவையுங்கள் என்றால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பறவைக்குத் தண்ணீர் வைப்பவர்கள் அகலமான, ஆழமில்லாத மண்தட்டில் வைத்துத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர் போதும்.

இன்னொன்று. தின்று கொழுத்த புழு திடீரெனச் செடியில் காணாமல் போனால் காக்கையைத் திட்டாதீர்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடி அது செடியைவிட்டு இறங்கிப் போவதுண்டு. தொட்டியின் விளிம்புக்கு அடியில், ஜன்னல் கம்பியில், சுவரில் தேடுங்கள். இடத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ, ஒரு நூலை இடுப்பில் கட்டிச் சாய்ந்திருக்கும். வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

(தொடரும்)