மீட்டரின் காதில் விழாத சத்தம்

சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குப் பெங்களூரு இந்திராநகரின் 12வது மெயினில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். வாலே பார்க்கிங் பையன்கள் சாவிக்கொத்துடன் ஓடுவார்கள். மொட்டைமாடி பப்பில் டிஜே அப்போதுதான் களைகட்டத் தொடங்கியிருப்பார். பின்தெரு வீட்டின் படுக்கையறையில் பாட்டின் வரியோ மெட்டோ கேட்காது. 'தும், தும்' என்ற அதிர்வு மட்டும் ஜன்னல் கண்ணாடி வழியாக வந்து சேரும்.

குடியிருப்புக்காகப் போடப்பட்ட லேஅவுட் இது. ராணுவத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், சேமிப்பைப் போட்டு இங்கே தனி வீடு கட்டினார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட, 100 அடி சாலையிலும் அதை ஒட்டிய மெயின்களிலும் வாடகை ஏற, வீடுகள் ஒவ்வொன்றாக உணவகங்களாயின. 2007இல் வந்த மாஸ்டர் பிளான், அகலமான சாலைகளில் வணிகத்துக்குத் தாராளமாக வழிவிட்டது. 2011இல் மெட்ரோவும் வந்தது. மிஞ்சியிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள்.

முன்பு பப்புகள் 11:30 மணிக்கு மூடப்பட்டன. 2016இலிருந்து எல்லா நாளும் இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம். மூடிய பிறகும் தெரு அடங்குவதில்லை. கேப் வரும்வரை கேட்டருகே நின்று கத்திப் பேசுவது, கார் கதவை அறைந்து சாத்துவது, காம்பவுண்டுச் சுவரில் சிறுநீர் கழிப்பது என்று இன்னும் அரை மணி நேரம் போகும். காலை ஐந்தரைக்கு எழுந்து வாக்கிங் போய்ப் பழகியவர்களுக்குத் தூங்கக் கிடைப்பது நான்கு மணி நேரம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. வணிகப் பகுதியில் 55. சத்தமில்லாமல் வாழ்வது அடிப்படை உரிமையின் பகுதி என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உணவகங்களில் நேரடி இசைக்குத் தனி உரிமம் வேண்டும் என்ற பெங்களூரு ஆணையை 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவ்வளவு இருந்தும், புகார் கொடுத்தவர் முன்னாலேயே ஒலியளவு மீட்டரை வைத்துப் பார்த்தால் அளவு சில சமயம் வரம்புக்குள் நிற்கும். மீட்டர் பொய் சொல்வதில்லை. அதன் காது அப்படி.

விதிகள் கேட்பது 'டெசிபல்-ஏ' அளவை. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், இந்த அளவுமுறை அவற்றுக்குப் பெரிய தள்ளுபடி கொடுக்கிறது. 63 ஹெர்ட்ஸில் அது சுமார் 26 டெசிபல். சப்வூஃபரிலிருந்து வந்து படுக்கையறையில் 70 டெசிபலாக ஒலிக்கும் பேஸ், மீட்டரில் 44 ஆகத் தெரியும். வரம்போ 45. பேப்பரில் எல்லாம் சரி. கட்டில் மட்டும் அதிர்கிறது.

போதாக்குறைக்கு, சுவர்களுக்குப் பிடிபடாத ஒலியும் இதுதான். 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். பாடகரின் குரலை ஒரு செங்கல் சுவர் தடுத்துவிடும்; இந்த அலை அதைத் தாண்டியும் வளைந்தும் போகும். மொட்டைமாடியிலோ தடுக்கச் சுவரே இல்லை. ஆதாரத்துக்காகச் செல்போனில் பதிவுசெய்பவர்களும் ஏமாறுகிறார்கள். போனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அடிநாதத்தைப் பாதிக்கு மேல் விட்டுவிடும்.

பப் நடத்துபவர்கள் தரப்பில் சொல்வது, இந்த இரவு வாழ்க்கைதான் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை தருகிறது, நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது என்பது. அதில் உண்மை இருக்கிறது. வெளிநாடுகளில் கிளப்புகளைக் காப்பாற்றிய ஒரு கொள்கையையும் அவர்கள் காட்டலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் இங்கிலாந்து 2018இலும் ஏற்றுக்கொண்ட அந்த விதி, ஓரிடத்துக்குப் புதிதாக வருபவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்கிறது. பழைய கிளப்புக்குப் பக்கத்தில் அடுக்குமாடி எழுந்தால், கண்ணாடியை இரட்டிப்பாக்க வேண்டியது கட்டுபவர். இந்திராநகரில் அதே கணக்கைப் போட்டால் பில் மறுபக்கம் போகும். இங்கே வீடு முதலில் வந்தது.

சப்வூஃபரை ரப்பர் தாங்கிகளின் மேல் ஏற்றலாம், பத்து மணிக்கு மேல் பேஸை மட்டும் வெட்டும் லிமிட்டர் பொருத்தலாம், கூரையில்லாத மாடியில் ஸ்பீக்கரைத் தவிர்க்கலாம். ஆனால் அளவில் தெரியாத ஒன்றுக்காகச் செலவு செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஜெர்மனியில் 1997இலேயே இதற்கென டிஐஎன் 45680 என்ற தரநிர்ணயம் வந்துவிட்டது. பேஸைத் தள்ளுபடி செய்யாத 'சி' அளவுக்கும் 'ஏ' அளவுக்கும் உள்ள இடைவெளி 20 டெசிபலைத் தாண்டினால், தாழ்ந்த ஒலியைத் தனியாகச் சோதிப்பார்கள். இதற்குப் புதுக் கருவிகூடத் தேவையில்லை. கையடக்க மீட்டர்கள் பலவற்றில் 'ஏ'வுக்குப் பக்கத்திலேயே 'சி' பொத்தானும் உண்டு. நம் விதியின் அட்டவணையில்தான் அதற்கு ஒரு பத்தி இல்லை.