‘வேறு ஹோமுக்கு மாற்றிவிட்டோம்’

திருப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் 2021 டிசம்பரில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டார். உறவினர் இருந்ததோ அமெரிக்காவில். மறு ஆண்டு, அவருக்காகப் பெரியவரைப் பார்க்கப் போனவரிடம், இங்கே இடமில்லை, பெங்களூரு ஹோமுக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பெங்களூருவில் விசாரித்தால் அங்கேயும் ஆள் இல்லை.

உறவினர் அதோடு விடவில்லை. போலீஸில் புகார், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று விடாமல் துரத்தினார். 2023 பிப்ரவரியில், ஒருவரைத் தேடி உள்ளே போன அதிகாரிகள் 140-க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். முறையான உரிமம் இல்லை. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள் என்று புகார்கள் குவிந்தன. நிர்வாகத்தினர் கைதானார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பெற்றோரை ஹோமில் சேர்த்திருக்கும் பிள்ளைகள் இந்த வழக்கை மறக்கக் கூடாது. அத்தனை பேரும் வெளியே வரக் காரணம், சொன்ன பதிலை நம்பாத ஒரு குடும்பம்.

பார்க்கப் போகும்போது சாப்பாட்டையும் அறையையும் மட்டும் பார்த்தால் போதாது. முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். அங்கே படுக்கைப்புண் ஆழமாகி நாற்றமடிக்கிறது என்றால், வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லையோ என்று சந்தேகப்படலாம். கையில் தெரியும் கன்றல் எல்லாம் அடி அல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆனால் ஊழியர் அறைக்குள் வந்ததும் பேச்சு நின்றுவிட்டால், தனியாகப் பேசவே விடவில்லை என்றால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “யார்கிட்டயும் சொல்லாதப்பா, நீ போனப்புறம் நான்தானே இங்க இருக்கணும்” என்று கெஞ்சும் பெரியவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் அவரை அங்கிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவருவதுதான் நல்லது.

காயம் இருந்தால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதியச் சொல்ல வேண்டும். புகைப்படம், மருந்துச்சீட்டு, பணம் கட்டிய ரசீது எல்லாமே பின்னால் சாட்சி.

உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கும் உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) போகச் சொல்பவர்கள் உண்டு. 2007-ம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி அவர் தலைமையில் நடக்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் இடம். ஹோமில் நடக்கும் கொடுமைக்குப் போலீஸும் மாவட்டச் சமூக நல அலுவலரும்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். 2022-ல் உருவான ஆவடி போலீஸ் ஆணையரகத்தில்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் வருகின்றன. வருவாய்க் கணக்கில் அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். மற்ற இரண்டும் திருவள்ளூர். சமூக நல அலுவலகத்துக்கு மனு கொடுப்பவர்கள் இதைப் பார்த்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பக் கூடாது. எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்; அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடச் சட்டம் இடம் தருகிறது.