காந்தத்தில் ஒட்டினால் போதுமா?

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மணலில் புரட்டிப் பார்க்காத சிறுவர்கள் குறைவு. மீசை முளைத்தாற்போல் அதைச் சுற்றிக் கருந்துகள்கள் சிலிர்த்து நிற்கும். இத்தகைய துகள்களை உலையிலிட்டு இரும்பு எடுத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் கறுப்பு மணலெல்லாம் இரும்பு மணல் அல்ல. காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் உலைக்கு உகந்ததும் அல்ல.

கருமணல் தனியே திரள்வதற்குக் காரணம் அதன் எடை. சாதாரண மணலான குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம்; இரும்புத் தாதுவான மேக்னடைட் 5.2 மடங்கு. ஓடும் நீர் லேசானதைக் கொண்டுபோய்விட்டுக் கனமானதை விட்டுச் செல்கிறது. இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் என்று கனமான மற்றவையும் கூடவே தங்கிவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமைக்கு முதன்மைக் காரணம் இல்மனைட். டைட்டானியம் எடுக்கும் தாது அது. அங்குள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிரியக்கமும் உண்டு. ஆகவே கடற்கரை மணலை அள்ளி வந்து சோதிக்க வேண்டாம்; அதற்குச் சட்டமும் இடம் தராது.

கருமணலில் மேக்னடைட் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. மணலை அகலத் தட்டில் நீர் விட்டு அரித்து, மேலே வரும் வெள்ளை மணலை வழித்துவிட வேண்டும். மிஞ்சிய மண்டியைக் காய வைத்து, சாதாரண ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மேலே நகர்த்த வேண்டும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் ஒட்டியவை பொலபொலவென்று உதிரும். துகள்களுக்கிடையே வெள்ளை மணலும் சிக்கி வரும் என்பதால், உதிர்ந்ததைப் பரப்பி மூன்று நான்கு முறை திரும்ப எடுப்பது நல்லது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தம் இதற்கு ஆகாது. அதன் வலு, லேசாக மட்டுமே ஈர்க்கப்படும் இல்மனைட்டையும் இழுத்து வந்துவிடும். ஒட்டாமல் தட்டில் கிடக்கும் கறுப்புத் துகள்களில் ஹார்ன்பிளெண்ட், டூர்மலின் போன்றவை இருக்கலாம். அவை உலைக்குப் பயன்படா.

பிரித்தெடுத்ததை ஒரு டம்ளரில் தலைதட்டி நிரப்பி எடை போட வேண்டும். அதே டம்ளர் ஆற்று மணலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு கனத்தால் மேக்னடைட் நிறைய இருக்கிறது என்று கொள்ளலாம். சில துகள்களைப் பொடித்து, மெருகிடாத ஓட்டின் முதுகில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழ வேண்டும். கோடு செம்மண் நிறத்தில் விழுந்தால் அது ஹெமடைட். அதுவும் நல்ல இரும்புத் தாதுதான், ஆனால் நாம் தேடுவது அதுவல்ல.

இத்தனையிலும் தேறிய மணலில்கூட ஒரு சிக்கல் ஒளிந்திருக்கலாம். மேக்னடைட்டின் படிகத்துக்குள்ளேயே டைட்டானியம் கலந்திருந்தால் அதைக் காந்தமும் கண்டுபிடிக்காது, கண்ணும் கண்டுபிடிக்காது. உலையின் போக்கையே தீர்மானிக்கும் அந்தக் கலப்பை ரசாயனப் பகுப்பாய்வுதான் சொல்லும்.

ஜப்பானின் தத்தாரா உலைக்காரர்களுக்குப் பகுப்பாய்வுக் கூடம் இல்லை. ஆனாலும் டைட்டானியம் குறைந்த மணலை 'மாசா' என்றும், மிகுந்ததை 'அகோமே' என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள். ஷிமானே பகுதிக் கருங்கல் மலைகளில் மாசா கிடைத்தது. பாஸ்பரஸும் கந்தகமும் அதில் மிகக் குறைவு. பாஸ்பரஸ் ஏறினால் இரும்பு குளிர்ந்தபின் சட்டென்று உடையும். வாளுக்கான எஃகு மாசாவிலிருந்து வந்தது. எளிதில் உருகும் அகோமேயை வார்ப்பிரும்புக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் வீணாக்காமல் ஒவ்வொன்றுக்கும் உரிய வேலையைக் கண்டுகொண்ட அந்த அனுபவ அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நின்றுபோயிருந்த தத்தாரா உலை 1977இல் ஷிமானேயின் ஒக்குயிசுமோவில் மீண்டும் மூட்டப்பட்டது. மூன்று பகல் மூன்று இரவு எரியும் ஒரு உலைக்கு ஏறத்தாழ 10 டன் மணலும் 12 டன் கரியும் பிடிக்கும். கிடைப்பது சுமார் 2.5 டன் இரும்புக் கட்டி.

நியூசிலாந்தின் வடதீவு மேற்குக் கரையில் கருமணல் மைல் கணக்கில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அதை ஊதுலையில் போட்டுப் பார்த்துத் தோற்றார்கள். அந்த உலையின் கடும் வெப்பத்தில் டைட்டானியம் கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து கசடைக் கெட்டியாக்கி உலையையே அடைத்துவிடும். 1960களின் இறுதியில் அந்நாட்டின் கிளென்புரூக் எஃகு ஆலைதான் வழி கண்டது: மணலை நிலக்கரியோடு சேர்த்துச் சுழலும் சூளையில் திடநிலையிலேயே இரும்பாக மாற்றி, பிறகு மின்னுலையில் உருக்கினார்கள்.