கூரை போன பிறகும் நிற்கும் சுவர்

ஜெர்மனியின் ஹனோவர் நகர மையத்தில் உள்ள எகீடியன் தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம்தான் தெரியும். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1943 அக்டோபரில் குண்டுவீச்சில் எரிந்தது. நகரத்தார் அதைத் திரும்பக் கட்டாமல், போரின் நினைவிடமாக அப்படியே விட்டுவிட்டார்கள். கூரை போயும் சுவர் நிற்கிறதே! கட்டிய காலத்திலேயே வெளிப்புறம் வைத்த தடித்த தாங்குதூண்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அவை கல்லில் கட்டிய முட்டு.

சாதாரண வீட்டுச் சுவருக்கு அந்த வசதி இல்லை. மேலிருந்து வரும் பாரத்தை அது அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் ஆபத்து. அந்தத் தள்ளலைத் தடுத்துப் பிடித்திருப்பவை மாடித்தளமும் கூரையும். உளுத்துப்போன உத்திரங்களைப் பிடுங்கி எறிந்த மறுநிமிடம், நிறுத்திவைத்த சீட்டு மாதிரி சுவர் தனியே நிற்கும். காற்று போதும்.

அப்படித் தனியே நிற்கும் சுவரையும் காப்பாற்றலாம். அதே 1943இல் எரிந்த ஹனோவர் ஆபரா மாளிகை, கட்டடக் கலைஞர் லாவெஸ் 1852இல் முடித்தது. வெளிச்சுவர்களை வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டி, 1950இல் திறந்தார்கள்.

இப்படிப்பட்ட வேலையில் முதலில் வருவது சாய்வு முட்டு. அதன் தலை மாடித்தளம் இருந்த மட்டத்தில் படவேண்டும். நடுச்சுவரில் பட்டால் சுவர் உள்வாங்கும். அடியில் ஆப்பு இறுக்கும்போது நிதானம் வேண்டும். ஓங்கி அடித்தால், விழாமல் காக்க வந்த முட்டே சுவரை மறுபக்கம் தள்ளிவிடும்.

கீழே புது வாசல் திறக்க வேண்டுமென்றால், மேலே துளையிட்டு இரும்பு பீம்களைக் குறுக்கே நுழைத்து, இருபுறமும் ஜாக்கி வைத்து ஏந்திக்கொண்ட பிறகே இடிக்கலாம். பழைய தடித்த சுவர்கள் பல, உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்கள். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும். துளை போட்டதும் அவை பொலபொலவென்று கொட்டும். தடிமனைப் பார்த்து ஏமாறக்கூடாது.

அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டவும் ஜெர்மன் விதி உண்டு: ஒரு குழியின் அகலம் 1.25 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதை நிரப்பி, அது கெட்டிப்பட்ட பிறகே ஒட்டிய துண்டைத் தொடலாம்.

சுவர் நகர்கிறதா என்று பார்க்க விலை மலிவான உபாயம் ஒன்று இருக்கிறது. விரிசலின் குறுக்கே கொஞ்சம் ஜிப்சம் பூசி, அதன்மேல் தேதி எழுதிவைப்பார்கள். காலையில் வந்ததும் மேஸ்திரி பார்ப்பது அதைத்தான். ஜிப்சத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அன்றைக்கு யாரும் சுவரோரம் போகமாட்டார்கள்.