பிளவுபட்ட கருவில் பிழைத்திருக்கும் மியூவோன்

உங்கள் உள்ளங்கையைச் சற்று மேல்நோக்கி விரியுங்கள். விநாடிக்கு ஒன்றிரண்டு மியூவோன்கள் அதை ஊடுருவிச் செல்கின்றன. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துணிக்கைகள் இவை. 1936இல் அமெரிக்காவில் அன்டர்சனும் நெடர்மேயரும் கண்டறிந்தார்கள். பயப்படாதீர்கள், மனிதன் தோன்றிய நாள் முதல் நனைந்து வரும் மழைதான் இது.

மறையேற்றமுள்ள மியூவோன், இலத்திரனைப் போன்றதே. ஆனால் திணிவு 207 மடங்கு. ஆயுளோ விநாடியைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குதான்!

யுரேனியம் போன்ற பாரமான அணுவில் இது அகப்பட்டால், படிப்படியாக உள்ளே இறங்கி, கருவுக்குள்ளேயே பெரும்பொழுதைக் கழிக்கும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. கடைசிப் படியில் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 60 இலட்சம் இலத்திரன் வோல்ற்று. வழமையாக அது எக்ஸ் கதிராகப் போய்விடும். சிலவேளை கதிரே வராது; கரு அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ளும். யுரேனியக் கரு பிளவுபட ஏறக்குறைய அவ்வளவு போதுமே! 1940களின் இறுதியில் இதனை முன்கூட்டிச் சொன்னவர் ஜோன் வீலர் என்ற அமெரிக்க அறிஞர்.

அப்போது பிளவுபடாவிட்டால், மியூவோன் ஒரு புரோத்தனை நியூத்திரனாக்கிவிட்டுத் தானும் மறையும். அதில் பிறக்கும் சக்தியாலும் கரு பிளவுபடலாம்.

"இதைக் கொண்டு குண்டு செய்யலாமா, ஹஸ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். 1945இல் ஹிரோஷிமாவை அழித்த குண்டில் ஒரு பிளவில் வெளிவந்த நியூத்திரன்கள் அடுத்த பிளவுகளைத் தூண்டின. இங்கோ பிளவிலிருந்து புதிய மியூவோன்கள் பிறப்பதில்லை. ஆர்முடுக்கியில் ஒரு மியூவோனை உண்டாக்கும் செலவு, ஒரு பிளவு தரும் சக்தியைவிடப் பலமடங்கு. குண்டுக்கு இது உதவாது என்பதில் எனக்கு நிம்மதிதான்.

பின் எதற்காக ஆராய்கிறார்கள்? முதல் வகைப் பிளவில் மியூவோன் பிழைத்துக்கொள்கிறது. கரு இரண்டாகும்போது அது எந்தத் துண்டோடு போகும்? பெரும்பாலும் பெரிய துண்டோடுதான்; அங்கே ஏற்றம் அதிகம், கவர்ச்சியும் அதிகம். ஆனால் எப்போதாவது சிறிய துண்டோடும் போகிறது. சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவனத்தில் இதை அளந்திருக்கிறார்கள்.

ரொட்டி மாவைப் பிய்த்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்த மாவு சட்டென்று அறும். நன்றாகக் குழைத்தது இழுபட்டு மெதுவாகப் பிரியும். கருவும் மெதுவாகப் பிரிந்தால் பெரிய துண்டிடம் போய்ச்சேர மியூவோனுக்கு நேரமிருக்கும். சட்டென்று பிரிந்தால் சிறிய துண்டில் மாட்டிக்கொள்வது கூடும். கண்ணால் காணவே முடியாத கரு எப்படிக் கிழிகிறது என்பதை, அந்தச் சிறிய துண்டில் போன மியூவோன்களை எண்ணித்தான் கணிக்கிறார்கள்.